உபவாச ஜெபத்துக்கென்று காஞ்சிபுரம் போன சனிக்கிழமை

சனிக்கிழமை முற்பகல் பதினொன்று நாற்பதுக்கு முத்தாபுதுப்பேட்டையில் எங்கள் வீட்டுக் கதவை நாலு பேர் தட்டினார்கள். எங்கள் சபையின் பாஸ்டரம்மாவும் மூன்று சகோதரிகளும். நாலு பேரும் வெள்ளைச் சேலை. ஒருவர் கையில் சாத்துக்குடிப் பை. கதவைத் திறந்தது என் மகள். நான் அங்கே இல்லை. பிறகு அவளும் மற்றவர்களும் சொன்னதை வைத்துத்தான் இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

"ஸ்தோத்திரம் பாப்பா. அம்மா படுத்திருக்காங்களா? உடம்புக்கு என்ன?" என்று பாஸ்டரம்மா கேட்டிருக்கிறார்.

"அம்மா ஜெபத்துக்குதான ஆன்ட்டி வந்தாங்க? எட்டு மணிக்கே கெளம்பிட்டாங்களே."

சாத்துக்குடி வைத்திருந்த சகோதரி எங்கள் தெருக்கோடியில் இருப்பவர், மனதில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாதவர். "இன்னா பாப்பா சொல்ற? நாங்க அங்கேர்ந்துதான வந்துகினு கீறோம்" என்றாராம்.

எங்கள் சபையில் மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை உபவாச ஜெபம். வாசலிலேயே போனை அணைத்துவிட வேண்டும். அதனால் அந்த நாலு மணி நேரம் யாரும் யாரையும் தேட மாட்டார்கள். இதைத்தான் நான் கணக்குப் போட்டேன். ஆனால் இன்னொரு வழக்கமும் உண்டு. எப்போதும் வருகிற ஒருவர் வரவில்லை என்றால், பாதிப் பேர் உட்கார்ந்து ஜெபிக்க, மீதிப் பேர் எழுந்து அவர் வீட்டுக்குப் போவார்கள். நோயாளியைச் சந்தித்தல் என்று பெயர். நானே எத்தனையோ வீடுகளுக்குப் போயிருக்கிறேன். கதவு திறந்ததும், உள்ளே டிவி ஓடுகிறதா என்று எட்டிப் பார்த்தும் இருக்கிறேன். பல வருடங்களாக ஒரு மாதம்கூடத் தவறாமல் போனவள் நான். அதனால் என் வீட்டுக்கு யாரும் வந்ததில்லை. வருவார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கதவு தட்டப்பட்ட அந்த நேரத்தில் நான் காஞ்சிபுரத்தில், கைலாசநாதர் கோயில் பிராகாரத்தில், சுவரோரச் சிற்றறை ஒன்றின் வாசலில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஓர் ஓவியத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கைப்பையில் ஜிப் வைத்த பைபிள் இருந்தது.

அங்கே ஏன் போனேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

என் மகள் ஓவியக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். பழைய சுவரோவியம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் முன்னாலேயே உட்கார்ந்து பார்த்து வரைந்து, வருகிற புதன்கிழமைக்குள் கொடுக்க வேண்டும். போட்டோவைப் பார்த்து வரைந்தால் வாத்தியாருக்குத் தெரிந்துவிடுமாம், மார்க் கிடையாதாம். அவள் காஞ்சிபுரத்தைத் தேர்ந்தெடுத்தாள். சிவனும் பார்வதியும் நடுவில் குழந்தை முருகனும் இருக்கிற ஒரு பல்லவர் காலத்து ஓவியம். இப்போது பாதிக்கும் மேல் அழிந்துவிட்டது. நாள் முழுக்க வேண்டும், தனியாகப் போகிறேன் என்றாள்.

"தனியாவா?"

"தனியாத்தாம்மா. நாலு பேரோட போனா அரட்டைதான் நடக்கும்."

"அப்ப நான் கூட வரேன்."

"நீயா? பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா தண்ணி குடிச்சியா, பாத்ரூம் வருதா, வெயில் அடிக்குது பாருன்னுவ. நான் வரையறதா, உனக்குப் பதில் சொல்லிகினு கீறதா?"

ஒரு வாரமாக இதே சண்டை. அவள் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். "போயிட்டுத்தான் வரட்டுமே" என்று ஒரு தடவை சொன்னார், நான் பார்த்த பார்வையில் அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. அவள் கல்லூரியில் சேர்ந்த அன்றைக்கே அவள் போன் எங்கே இருக்கிறது என்று என் போனில் தெரியும்படி செய்துகொண்டவள் நான். "அப்ப நீ எங்க கீறேன்னு எனக்கும் தெரியணும்" என்று அவளும் பிடிவாதமாக என்னுடையதை அவள் போனில் தெரியவைத்தாள். நான் எங்கே போகப்போகிறேன்? பள்ளிக்கூட ஆபீஸ், வீடு, சபை. சிரித்துக்கொண்டு சம்மதித்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி சண்டை முற்றியது. தட்டில் பாதிச் சோறு இருக்கும்போது அவள் எழுந்தாள். நான் சொன்னேன்: "நான் செத்ததுக்கப்புறம் எங்க வேணா போ. கேக்க ஆள் இருக்காது."

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நிறைய யோசித்தேன். எங்கள் பக்கத்தில் அம்மாக்கள் சாதாரணமாகச் சொல்கிற பேச்சுதான். என் அம்மா எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஆனால் மறுநாள் நடந்தது எல்லாம் இந்த ஒரு பேச்சின் மேல்தான் நிற்கிறது.

அன்று ராத்திரி படுத்துக்கொண்டே ஒரு முடிவு எடுத்தேன். நானே முதலில் போய்ப் பார்த்துவிடுவது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கோயில் வரை நடந்து பார்ப்பது. வழியில் யார் நிற்கிறார்கள், எங்கே ஆள் நடமாட்டம் இல்லை, உள்ளே எந்த மூலையில் உட்கார வேண்டியிருக்கும் என்று கண்ணால் பார்ப்பது. எல்லாம் சரியாக இருந்தால் சனிக்கிழமை ராத்திரி, நானே மனமிறங்கின மாதிரி, "சரி, போ" என்று சொல்லிவிடலாம். இதை அவளிடம் ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் தோற்றுப்போன மாதிரி. சபையில் ஏன் சொல்லவில்லை என்றால், அது கோயில். எங்கள் தாத்தா கூலிக்கு நாற்று நட்ட காலத்தில் எங்களை அந்த வாசலில் விட்டிருக்க மாட்டார்கள். விடுகிற காலம் வந்தபோது நாங்கள் வேதத்துக்கு வந்து கிறிஸ்தவர்களாகிவிட்டோம், நாங்களாகவே போகவில்லை. நாற்பத்தெட்டு வயது வரை நான் ஒரு கோயிலுக்குள் கால் வைத்ததில்லை.

சனிக்கிழமை காலை, வழக்கம்போல வெள்ளைச் சேலை கட்டி, பைபிளை எடுத்துக்கொண்டு, எட்டு மணிக்குக் கிளம்பினேன். ஷேர் ஆட்டோவில் ஏறியதும் போனை அணைத்தேன். ஆவடியில் பஸ் மாறி, பூந்தமல்லியில் மெட்ரோ தூண்களுக்குக் கீழே கொஞ்ச நேரம் நின்று, காஞ்சிபுரம் பஸ் பிடித்தேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் எனக்கே தெரியாமல் புன்னகைத்துக்கொண்டிருந்தேன் போல. பக்கத்தில் இருந்த பெண், "பொண்ணு ஊட்டுக்காம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டினேன். அன்றைய முதல் பொய். வீட்டில் சொன்னதைச் சேர்த்தால் இரண்டாவது.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் என் வேலையை ஆரம்பித்தேன். ஒயின் ஷாப் வாசலில் காலையிலேயே நாலு பேர் நிற்கிறார்கள். மனதில் குறித்துக்கொண்டேன். பைக்கில் சாய்ந்து மூன்று பையன்கள். குறித்துக்கொண்டேன். ஓர் ஆட்டோக்காரர், "அக்கா, தறி பாக்கணுமா, பட்டுக் கடை பாக்கணுமா?" என்று பக்கத்தில் வந்தார். என் சேலையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "கோயிலாம்மா? நேரா போங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். அக்கா எப்படி அம்மாவானது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

நடந்தேன். பிள்ளையார்பாளையம் வந்ததும் வீடுகளுக்குள்ளிருந்து தறிச் சத்தம் கேட்டது. இரண்டு தெரு தள்ளியும் கேட்டுக்கொண்டே இருந்தது. யாரும் என்னைத் தொந்தரவு செய்யவில்லை. பைக் பையன்களில் ஒருவன், வழி கேட்டதும் எழுந்து நின்று பதில் சொன்னான். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், ஏதாவது ஒரு தப்பு கண்ணில் படாதா என்று தேடிக்கொண்டே நடந்தேன். ஒன்று கிடைத்தால் போதும், திரும்பிப் போய் அவளிடம் ஆணித்தரமாக வேண்டாம் என்று சொல்லலாம்.

கோயிலுக்கு வெளியே மரத்தடியில் ஓர் அம்மாள் பூ விற்றுக்கொண்டிருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் முழம் நீட்டியவர் என்னிடம் நீட்டவில்லை. கொஞ்ச நேரம் என் நெற்றியையும் கழுத்தையும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"எப்பம்மா தவறினாரு?"

அப்போதுதான் புரிந்தது. வெள்ளைச் சேலை, வெறும் நெற்றி, வெறும் கழுத்து. நான் கிறிஸ்தவள், எங்கள் சபையில் பொட்டும் நகையும் கிடையாது, இது எங்கள் ஜெப உடை, என் புருஷன் அம்பத்தூரில் மெஷின் முன்னால் நின்றுகொண்டிருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கிறிஸ்தவள் கோயில் வாசலில் என்ன செய்கிறாள் என்று அடுத்த கேள்வி வருமே என்ற பயத்தில், "மூணு மாசம் ஆச்சு" என்று சொல்லிவிட்டேன்.

"அய்யோ பாவம். தனியாவா வந்த?"

"பின்னாடி வர்றாங்க" என்றேன்.

உள்ளே போனேன். பயந்தபடி எதுவும் நடக்கவில்லை. மணி அடிக்கவில்லை, கூட்டம் இல்லை. புல்வெளி, மணல் நிறத்தில் கல், பின்னங்காலில் எழுந்து நிற்கிற சிங்கங்கள் தூண்களில். பிராகாரத்தைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றும் ஒரு பீரோவைவிடக் கொஞ்சம் பெரிது. குனிந்துதான் பார்க்க வேண்டும். பல அறைகளில் வெறும் சுண்ணாம்புத் திட்டு. மகள் போனில் காட்டியிருந்த படத்தை நினைவு வைத்துக்கொண்டு ஒவ்வோர் அறையாகக் குனிந்து பார்த்தேன். காவலாளி ஒருவர் தூரத்திலிருந்து கவனித்துக்கொண்டிருந்தார். பெண் பிள்ளைக்கு இவர் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருப்பது நல்லதா கெட்டதா என்று யோசித்தேன்.

அந்த அறை கிடைத்தபோது, இவ்வளவுதானா என்றிருந்தது. மழை ஒழுகின சுவர் மாதிரி இருந்தது. கொஞ்சம் சிவப்பு, கொஞ்சம் மஞ்சள். வாசலில் நின்றால் என் உடம்பே வெளிச்சத்தை மறைத்தது. அதனால் ஓரமாக ஒதுங்கி, தரையில் உட்கார்ந்தேன். இதற்கா ஒரு வாரச் சண்டை என்று கோபம்கூட வந்தது.

எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியாது, ஒரு கோடு தெரிந்தது. அது ஒரு தோள் என்று தெரிந்தது. தோளிலிருந்து கை இறங்கியது, கை முடிகிற இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. ஆனால் அந்தக் கை எங்கே போகிறது என்று கண்ணே கண்டுபிடித்துக்கொண்டது. குழந்தையிடம். குழந்தை இருந்த இடத்தில் சிவப்பில் மெல்லிய வளைவு ஒன்று, அவ்வளவுதான். அந்த அம்மா குழந்தையை இறுக்கிப் பிடிக்கவில்லை. சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் சாய்ந்து, வசதியாக, வேறு எதையோ பார்த்தபடி. வெயில் நகர நகரச் சுவரில் ஒன்று மறைந்து இன்னொன்று மேலே வந்தது. நாள் முழுக்க வேண்டும் என்று மகள் சொன்னது எதற்கு என்று அப்போது தெரிந்தது. அதை அவளிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, பிறகு அந்த எண்ணமும் போய்விட்டது.

அவள் பிறந்ததிலிருந்து அவளைப் பற்றி நினைக்காமல் நான் இருந்த நேரம் அதுதான். ஒரு நிமிடமா, அரை மணி நேரமா, தெரியாது. இதமாக இருந்தது. அந்த இதத்தைத்தான் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஏனென்றால் அந்த நேரத்தில்தான் பாஸ்டரம்மா என் மகளிடம், அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். தெருக்கோடி சகோதரி, "நேத்து ராத்திரி உங்க ஊட்ல சத்தம் கேட்டுச்சே பாப்பா" என்றார். அப்பாவின் போன் கம்பெனி லாக்கரில். என் போன் அணைந்திருந்தது. நாலு பெரியவர்களுக்கு நடுவில் நின்று, பத்தொன்பது வயதுப் பெண், முந்தின ராத்திரி நான் சொன்னதை அப்படியே சொல்லிவிட்டு அழுதிருக்கிறாள்.

"நடை சாத்தறோம்மா, சாயங்காலம் வாங்க" என்று காவலாளி வந்து சொன்னபோதுதான் எழுந்தேன். கால் மரத்திருந்தது. வெளியே வந்து, பூக்காரம்மா இருந்த மரத்தடியிலேயே ஓரமாக உட்கார்ந்து போனை உயிர்ப்பித்தேன். ஜெபம் முடிய இன்னும் நேரம் இருக்கிறது, மணி பார்த்துவிட்டு மறுபடி அணைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

போன் நடுங்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. திரையில், சபையின் வாட்ஸப் குழுவில், என் முகம் வந்தது. சபை ஆண்டுவிழாவில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எடுத்த போட்டோ. கீழே: "அவசர ஜெப விண்ணப்பம். இன்று காலை உபவாச ஜெபத்துக்கு என்று வீட்டைவிட்டுக் கிளம்பிய நமது சகோதரியைக் காணவில்லை. மனபாரத்தில் இருந்ததாக மகள் கூறுகிறார். பாரத்தோடு ஜெபிக்கவும், மற்ற குழுக்களுக்கும் அனுப்பவும்." நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தின் ஆசிரியர் குழுவிலிருந்தும் அது எனக்கே வந்திருந்தது. அதற்கு அப்புறம் பல நாள் கழித்து ஆவடி மார்க்கெட்டில் முன்பின் தெரியாத ஒரு பெண் கீரைக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீங்க கெடச்சிட்டீங்களா!" என்றாள். நான் கத்தரிக்காயை அப்படியே போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

முழுதும் படிப்பதற்குள் பாஸ்டரம்மாவின் அழைப்பு வந்தது. எடுத்துவிட்டேன்.

"சிஸ்டர்! ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்! எங்க இருக்கீங்க?"

"காஞ்சிபுரத்துல" என்று வந்துவிட்டது. அதற்கப்புறம் வாய் தானாகப் போனது. "சொந்தக்காரங்க ஒருத்தருக்குத் திடீர்னு முடியாமப் போச்சு. பெரியாஸ்பத்திரில சேத்திருக்கு. போன்ல சார்ஜ் இல்ல."

"அய்யோ. ஆம்பளையா பொம்பளையா?"

"பொம்பள."

"ஒண்ணும் கவலப்படாதீங்க. நம்ம விசுவாசிக் குடும்பம் ஒண்ணு அந்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துலயே இருக்கு. இப்பவே அனுப்பறேன், வந்து ஜெபிப்பாங்க."

வேண்டாம் என்பதற்குள் வைத்துவிட்டார். உடனே மகள்.

"ம்மா."

நான் பேச ஆரம்பிப்பதற்குள் அவளே கேட்டாள்.

"உயிரோடதான கீற?"

"இருக்கேன்டி. ஒண்ணும் இல்லடி. இங்க நம்ம சொந்தக்காரங்க ஒருத்தர், பெரியாஸ்பத்திரில..."

"ம்மா. மேப்புல கைலாசநாதர் கோயில்னு காட்டுது."

நான் போனைக் காதிலிருந்து எடுத்து, திரையைப் பார்த்தேன்.

"அங்கயே இரு. எங்கயும் போகாத. போன ஆஃப் பண்ணாத. யார்கிட்டயும் பேசாத. நான் வர்றேன்."

எல்லாம் என் வாக்கியங்கள். வருடக்கணக்காக நான் அவளிடம் சொன்னவை, அதே வரிசையில்.

வேண்டாம், நானே அடுத்த பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லக் கூப்பிட்டேன். அவள் எடுக்கவில்லை. அவள் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளி மட்டும் என் திரையில் எங்கள் வீட்டிலிருந்து நகர ஆரம்பித்தது. நான் எந்தப் பயணத்தைத் தடுக்க ஒரு வாரம் சண்டை போட்டேனோ, எதை ஒத்திகை பார்க்க வந்தேனோ, அதே பயணத்தை அவள் அழுத முகத்தோடு, யாரும் பக்கத்தில் இல்லாமல், என்னைக் கூட்டிப்போகச் செய்துகொண்டிருந்தாள்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது, அவளை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக் கதையை இழுக்க முடியாது. மனம் துணிய முக்கால் மணி நேரம் ஆனது, பிறகு பாஸ்டரம்மாவைக் கூப்பிட்டேன். உண்மையைச் சொன்னேன். கோயில், படம், மகளுக்காக வழி பார்க்க வந்தது, எல்லாவற்றையும். உபவாசத்தில் இருந்தவர்கள் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"அப்ப ஆஸ்பத்திரில யாரும் இல்லயா?" என்றார்.

"இல்லம்மா."

"அவங்க போயிட்டாங்களே சிஸ்டர். புருஷனும் பொண்டாட்டியுமா வயசானவங்க. பழம்லாம் வாங்கினு போயிருக்காங்க. பொம்பள வார்டு முழுக்க உங்களத் தேடிட்டு, கடைசில யாரோ ஒரு கால் முறிஞ்ச அம்மாவுக்கு ஜெபம் பண்ணிட்டு, பழத்த அவங்க கைல குடுத்துட்டாங்களாம். இப்பதான் போன் வந்துச்சு."

நான் அழுதேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பாப்பா வர்ற வரைக்கும் நெழல்ல உக்காருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தார். அதற்கப்புறம் சபையில் அவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மற்றவர்களும் பேசவில்லை. நான் உள்ளே போகும்போது பேச்சு ஒரு விநாடி நிற்கும், பிறகு தொடரும். அவ்வளவுதான்.

புள்ளி பூந்தமல்லி வந்தது, தாண்டியது. நான் தெருவில் கொஞ்ச தூரம் நடப்பேன், எங்கேயும் போகாதே என்று சொன்னது நினைவுக்கு வரும், திரும்பி மரத்தடிக்கு வருவேன். ஸ்ரீபெரும்புதூரில் புள்ளி நின்றது. நின்றுகொண்டே இருந்தது. கூப்பிட்டேன், எடுக்கவில்லை. பஸ் பழுதா, இறங்கிவிட்டாளா, இறக்கிவிட்டார்களா. பூக்காரம்மா தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் கொடுத்தார். "புருஷன நெனச்சியா? அழுவாத. பொண்ணு வர்றா இல்ல?" என்றார். அந்தத் தண்ணீரையும் அந்தப் பொய்யோடு சேர்த்துக் குடித்தேன்.

பிறகு புள்ளி நகர்ந்தது. நெரிசலில் நின்றிருக்கும் போல. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தபோது ஒன்று உறைத்தது. நான் போனை உயிர்ப்பிக்கும் வரை அவளுக்குப் பார்க்க ஒரு புள்ளிகூட இருந்திருக்கவில்லை.

மூன்று மணிக்கு மேல் தெருமுனையில் அவள் வந்தாள். ஆட்டோவில் வரவில்லை, நடந்து வந்தாள். நான் நடந்த அதே வழிதான், பைக் பையன்களைத் தாண்டி, தறிச் சத்தத்தைத் தாண்டி. கண் வீங்கியிருந்தது. தோளில் வரைபலகை மாட்டியிருந்தது. அவ்வளவு பதற்றத்திலும் அதை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

நான் எழுவதற்குள் பூக்காரம்மா முந்திக்கொண்டார். "நீதான் பொண்ணா? அப்பா போன வூடு, அம்மாவத் தனியா அனுப்பலாமா? வெயில்ல அழுதுகினே கெடக்குது பாவம்."

மகள் அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா எப்பம்மா போனாரு?"

"மூணு மாசம்னு சொல்லிட்டேன்" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் வரைபலகையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஆவடி ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனேம்மா. அங்க கீற போலீஸ்காரர்கிட்ட உன் போட்டோவ காட்டுனேன். இன்னிக்கு ரயில்ல யாரும் வுழலம்மா, ஊட்டுக்குப் போன்னாரு."

என்னால் அவள் கையைத் தொட முடியவில்லை. தொட எனக்கு உரிமை இருக்கிற மாதிரி தோன்றவில்லை. "நாளைக்கு நீ தனியாவே வா. நான் ஒண்ணும் சொல்லல" என்றேன். எனக்கே கேட்காத குரலில்.

"நாளைக்கு இன்னாத்துக்கு?" என்றாள்.

நாலு மணிக்குக் காவலாளி கதவைத் திறந்தார். அவள் எழுந்து, பாவாடையில் ஒட்டின தூசியைத் தட்டி, வரைபலகையைத் தோளில் மாட்டினாள். எந்தப் பக்கத்து அறை என்று சொல்ல வாயெடுத்தேன், அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். தன் போனை எடுத்து, என் கண் முன்னாலேயே அணைத்து, என் மடியில் வைத்தாள்.

"நீ இங்கயே உக்காரு. கதவ சாத்தறேன்னு அவரு சொன்னப்புறம் நானே வருவேன். உள்ள வந்து தேடாத."